கிளட்ச் சிலிண்டரும் என் வாயும்

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் இடது கையில் வரிசையாக மூன்று ஷெட் வரும். மூன்றும் என்னுடையது. முதல் ஷெட்டை ஓலையில் போட்டேன். புயல் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் போட்டது. அடுத்து தகரத்தில் போட்டேன். ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் ஒரே காலையில் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் இரும்புத் தூண் நட்டு, எவனும் அசைக்க முடியாதபடி பின்னால் தள்ளிப் போட்டேன். அது நிற்கிறது, மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் பிறகு போட்டவை. காரை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துகிற லிஃப்டை இந்த ரோட்டில் முதலில் இறக்கினவன் நான். லோன் கேட்டுப் போன பாங்கில் “படிப்பு?” என்றார்கள். “ஆறாவது, பாதி” என்றேன். சிரித்த அந்த ஆபீசருடைய காரும் பிறகு என் லிஃப்டில்தான் ஏறியது. கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றுகிற வேன்கள் பாதி என்னிடம்தான் சர்வீஸுக்கு நிற்கின்றன. டிப்ளமா முடித்துத் தெற்கேயிருந்து வந்த பையன்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

இதையெல்லாம் முதலிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், இதற்குமேல் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை குறைச்சல். நம்ம ஒர்க்‌ஷாப் சங்க மலருக்கு ஆளாளுக்குத் தொழிலுக்கு வந்த கதை எழுதுகிறீர்கள். என் கதை இது. என்னைவிட வயசானவர்கள் நம்மில் அதிகம் பேர் இல்லை, தப்பிருந்தால் சொல்ல ஆளில்லை. ஆனாலும் உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா, ரைஸ் மில் முதலாளியின் கார் டிரைவர். ஏரிக்கு அந்தப் பக்கம் முதலாளியின் பெரிய வீடு. இந்தப் பக்கம் எங்கள் குடிசைகள். எங்கள் ஜனத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் நைனாதான். பெரிய வீட்டுக்குள் அவர் கால் வைக்கக்கூடாது. தண்ணீர் கேட்டால் கிணற்றடியில் குனிந்து கையேந்தித்தான் குடிக்கவேண்டும். ஆனால் அதே வீட்டுப் பெண்டுகளைக் காரில் உட்காரவைத்துக் குன்றத்தூர் மலைக்கும் காஞ்சிபுரத்துக்கும் கூட்டிப் போவார். அப்போது “கொஞ்சம் நிறுத்துப்பா” என்பார்கள். மற்ற நேரத்தில் “டேய்” தான். அந்த சீட்டுக்கு அவ்வளவு மரியாதை. நைனா அதை ஒரு துண்டால் தினமும் துடைப்பார். வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் அவர் காக்கிச் சட்டையில் ஏறியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் அந்தச் சட்டையைத்தான் மோந்து பார்ப்பேன்.

அந்த வருஷம் முதலாளி மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம். மணிமங்கலத்து மாப்பிள்ளை. மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான். நைனா ஓட்டவேண்டும். அதற்காகப் புதுக் காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்.

ஆயுத பூஜையன்று நானும் நைனாவோடு போயிருந்தேன், பொரிக்காக. பெரிய வீட்டம்மா, அதாவது முதலாளியின் சம்சாரம், அவரே தட்டை ஏந்திக்கொண்டு இரும்பு எது கண்ணில் பட்டாலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். பம்ப் செட், தையல் மிஷின், தராசு, அருவாமனை. அந்தச் சந்தனக் கிண்ணத்தை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். எங்கள் கையில் என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியாகக் காருக்கு வந்தார்.

“வண்டிக்குத் தலை எதுப்பா?”

நைனா பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு நாலு அடி தள்ளி நின்று, “எல்லாம் தலைதாம்மா” என்றார்.

அம்மா சிரித்துவிட்டு எல்லாவற்றுக்கும் வைத்தார். பேட்டரிக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று, உள்ளே சுவரோரமாக உயரத்தில் இருந்த ஒரு சின்ன மூடிக்கு ஒன்று. கெட்டியான சந்தனம், பெரிய விரல். “என் பொண்ணு கல்யாணம் முடியிற வரைக்கும் மக்கர் பண்ணாம ஓடணும்” என்று காரைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு இரண்டு கை பொரி போட்டார். நல்ல மனுஷி. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கொஞ்ச நாளில் பத்திரிகை வைக்கக் குன்றத்தூர் போய்த் திரும்பும்போது கியர் பன்றி மாதிரி கத்தியது. கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு மேலே வரவில்லை. மில்லு மாடுகளைக் கட்டித்தான் காரை ஊருக்குள் இழுத்துவந்தார்கள். உள்ளே நைனா ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வயசுப் பையன்கள் பின்னாலேயே ஓடிவந்து, “மாட்டு வண்டி டிரைவரு! ஹை ஹை!” என்றார்கள். நான் ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் நைனா இல்லை என்பது மாதிரி.

குன்றத்தூரிலிருந்து மெக்கானிக் வந்தார். சைக்கிள் கேரியரில் ஸ்பேனர் மூட்டை, தொந்தி பெரிசு. காரைத் தூக்கி வைக்க இருந்தது ஒரு குட்டை ஜாக்கி. அவரால் அடியில் நுழைய முடியவில்லை. சுற்றிப் பார்த்தார்.

“இன்னா தொரை, சும்மாதான கீறே? உள்ள பூரு.”

“இன்னாத்துக்கு?”

“மேல பெடல்கிட்ட ஒரு சின்ன பைப்பு ஆரம்பிக்குது பாரு. அதைக் கையால புடிச்சிகினே போ. எங்க முடியுதோ அங்க ஒரு கட்ட வெரல் கணக்கா இரும்பு இருக்கும். அது நனைஞ்சிருக்கா காஞ்சிருக்கா, அத்தை மட்டும் சொல்லு. வேற எதையும் கழட்டாத, கழட்டனா உங்க நைனா உன்னைக் கழட்டிடுவாரு.”

தெரியாதவர்கள் இந்த மலரைப் படித்தால் புரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கிளட்ச் பெடலை மிதித்தால் மேலே ஒரு சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் பைப்பு வழியாக இறங்கிக் கீழே கியர் பாக்ஸ் ஓரமாக இருக்கிற இன்னொரு சிலிண்டரைத் தள்ளும். அது ஒரு கம்பியைத் தள்ளினால்தான் கிளட்ச் பிரியும், கியர் விழும். படித்தவர்கள் ஸ்லேவ் சிலிண்டர் என்பார்கள். நமக்குக் கீழ் சிலிண்டர்.

மண்ணில் மல்லாந்து ஊர்ந்து பைப்பைப் பிடித்துக்கொண்டே போனேன். முதுகில் கல் குத்தியது. இஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்கிற பெரிய உறையின் ஓரத்தில் அது இருந்தது. தலையில் கறுப்பு ரப்பர் தொப்பி. தொப்பியை விரலால் நெம்பினேன். உள்ளே தேங்கியிருந்த எண்ணெய் கொழகொழவென்று என் கண்ணிலேயே ஊற்றியது. விளக்கெண்ணெய் வாடை, ஆனால் எரிச்சல் மிளகாய்.

“நனைஞ்சி கீது! நான் கண்டுபுடிச்சிட்டேன்!” என்று அடியிலிருந்தே கத்தினேன். எனக்கு எப்போதும் கத்தினால்தான் வேலை முடிந்த மாதிரி.

கீழ் சிலிண்டர் போய்விட்டது, உள்ளே ரப்பர் கப்பு தேய்ந்து எண்ணெய் கசிகிறது, புதுசு போடவேண்டும் என்று மெக்கானிக் முடிவு சொன்னார். முதலாளி நைனாவைப் பார்த்தார்.

“எந்நேரமும் காலை அது மேலயே வெச்சிகினு ஓட்டனா தேயாம இன்னாடா பண்ணும்?”

நைனா அப்படி ஓட்டுகிறவர் இல்லை. கிளட்ச் வேலை முடிந்ததும் காலைத் தரையில் வைத்துவிடுவார், அவ்வளவு சுத்தம். ஆனாலும் “சரிங்க மொதலாளி” என்றார். இன்று என் ஷெட்டில் ஒரு பையன் இப்படிச் செய்யாத தப்பை ஒத்துக்கொண்டால் நான்தான் அவனைத் திட்டுவேன். அன்றைக்கு எனக்கு நைனாமேல் கோபம் வந்தது. வாயில்லையா இவருக்கு?

நைனாவே பஸ் ஏறி மெட்ராசுக்குப் போய்ப் புது சிலிண்டர் வாங்கி வந்தார். அட்டைப் பெட்டிக்குள் மஞ்சள் காகிதம் சுற்றி, புதுத் தங்கம் மாதிரி இருந்தது. என்னைத் தொட விட்டார். அந்தப் பெட்டியை ரொம்ப நாள் வைத்திருந்தேன், கோலி போட்டு வைக்க. ஒரு வெள்ளத்தில் போய்விட்டது.

இப்போதெல்லாம் சில வண்டியில் இந்த சிலிண்டரைக் கியர் பாக்ஸுக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடுகிறான். மொத்த கியர் பாக்ஸையும் இறக்காமல் கண்ணில்கூடப் பார்க்க முடியாது. அதையும் என் ஷெட்டில் மாற்றுகிறோம். மாற்றினபிறகு பைப்பில் நிற்கிற காற்றை எடுக்க மிஷின் வைத்திருக்கிறேன். போன வாரம்கூட என் தூத்துக்குடிப் பையன், “முன்னாடியெல்லாம் இதுக்கு ரெண்டு ஆளாமே மொதலாளி? சிரிப்பால்லா இருக்கு” என்றான். இரண்டு ஆள் இல்லை தம்பி, மூன்று ஆள். கேள்.

பெரிய வீட்டு வாசலில் புளிய மரத்தடியில் கார். டிரைவர் சீட்டில் நைனா. பக்கவாட்டில் பள்ளம் தோண்டி அதற்குள் மெக்கானிக் இறங்கிப் புது சிலிண்டரை மாட்டிவிட்டு, காற்று வெளியேறுகிற நிப்பிளில் ஸ்பேனர் போட்டுக்கொண்டு குரல் கொடுப்பார். “அமுத்து! புடி! ... வுடு!” நைனா மிதிப்பார், பிடிப்பார், விடுவார். மேலே எண்ணெய் டப்பாவில் மட்டம் இறங்காமல் ஊற்றுவது நான். புளிய மரம் பொடி இலையைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

“மூடியைத் தொறந்து போட்டே, மவனே, தோலை உரிச்சிடுவேன். ஒரு எலை உள்ள போனா சிலிண்டரு காலி. ஊத்தனதும் இறுக்கி மூடு.”

மெக்கானிக் சொன்னபடியே இறுக்கி மூடினேன். பகல் முழுக்க அமுத்து, புடி, வுடு. பெடல் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. சமயத்தில் கொஞ்சம் எழும், நாலு மிதியில் மறுபடி படுத்துக்கொள்ளும். மெக்கானிக்கின் வேட்டியெல்லாம் எண்ணெய். பொழுது சாயும்போது முதலாளி வந்து நின்றார்.

“புது சாமான் போட்டும் இன்னாய்யா இது?”

மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என் வேலை மாட்டறதுதான் மொதலாளி. சாமான் வாங்கினு வந்தது அவரு.”

அவ்வளவுதான். முதலாளி நைனா பக்கம் திரும்பினார். “புதுசை எவன்கிட்டடா தள்ளிட்டு, பழசைத் தேச்சி மினுக்கிக் கொண்டாந்தே? நாளைக்கு சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க. அதுக்குள்ள வண்டி நவுரல, நீ இந்த சீட்ல ஒக்கார்றது இதான் கடைசி.”

நைனா அன்று வீட்டில் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு “வயிறு சரியில்ல” என்றார். திருடன் என்று சொல்லிவிட்டார்களே என்று அம்மா அழுதாள். நைனா, “சொல்லட்டும். சீட்டு போனாதான் கஷ்டம்” என்றார்.

மறுநாள் காலை. அதே அமுத்து, புடி, வுடு. பந்தக்கால் நட்டாகிவிட்டது, வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணிமங்கலத்திலிருந்து சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்து பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணெய் ஊற்ற மூடியைத் திருகினேன். ‘புஸ்.’

முந்தின நாளெல்லாம் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சோடா உடைக்கிற மாதிரி, ஆனால் சோடா வெளியே ஊதும், இது உள்ளே இழுக்கிறது. எண்ணெய் டப்பா ஏன் மூச்சு இழுக்கவேண்டும்? மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே சந்தனம் காய்ந்து, அதன்மேல் குங்குமம். கட்டை விரலால் தேய்த்தேன். நடுவில் ஒரு பொடி ஓட்டை, குண்டூசி நுழைகிற அளவு. கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தேன், வெளிச்சம் வரவில்லை.

என் சட்டையில் பட்டன் கிடையாது, ஊக்குதான். ஒன்றைக் கழற்றிக் குத்தினேன். மஞ்சள் தூள் உதிர்ந்தது. வெளிச்சம் வந்தது. காற்று போக அந்த ஓட்டை. அதை அடைத்துவிட்டு மூடியையும் இறுக்கினால் எண்ணெய் எப்படிக் கீழே இறங்கும்? இறங்காது. பெடல் மேலே வரும்போது இருக்கிற இடுக்கில் காற்றைத்தான் உறிஞ்சும். இவ்வளவும் அன்று எனக்குத் தெரியாது. ஓட்டை அடைத்திருந்தது, நான் திறந்தேன், அது மட்டும் தெரியும்.

“நைனா, இப்ப அமுத்து.”

அமுத்தினார். பிடித்தார். விட்டார். கொஞ்ச நேரத்தில் பெடல் காலைத் தூக்கித் தள்ளியது. நைனாவின் முகம் எனக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. “ஏறுதுடா... டேய், ஏறுதுடா!” இஞ்சினைப் போட்டார். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது.

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். நைனாவின் சீட்டு தப்பியிருந்தது. திருட்டுப் பட்டமும் போயிருந்தது. ஆனால் எல்லாரும் மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். முதலாளி அவர் தோளைத் தட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. முன் பம்பர் மேல் ஏறி நின்றேன். மூடியை உயர்த்திக் காட்டினேன்.

“அவரு இல்ல, நான் கண்டுபுடிச்சேன்! இந்த ஓட்டை அடைச்சிகினு இருந்துச்சு! பெரிய வூட்டம்மா வெச்சாங்க இல்ல பொட்டு, அந்தப் பொட்டுதான் வண்டியைச் சாவடிச்சிச்சு!”

வாழைமரம் கட்டுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பந்தலில் மாப்பிள்ளையின் அத்தை, கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “ஓ. சம்பந்தியம்மா கை அப்பிடிப்பட்ட கையா?”

பெரிய வீட்டம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். தன் வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாண வீட்டில் வைத்த பொட்டு ஆகாமல் போனது என்றால் என்ன அர்த்தம் என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

நைனா சீட்டிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் பம்பரிலிருந்து இழுத்து அறைந்தார். அதுவரை என்னை அடித்ததில்லை.

“பொய் சொல்றியாடா, நாயே!” என்றார். பிறகு பந்தல் பக்கம் கைகட்டி நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அது நான் வெச்ச பொட்டுங்க. அம்மா வெக்கல. நான்தான் தெரியாத்தனமா மூடி மேல வெச்சிட்டேன்” என்றார்.

அந்த வீட்டில் சந்தனக் கிண்ணம் எங்கள் கைக்கு வராது என்று வாழைமரம் கட்டுகிறவனுக்குத் தெரியும். மெக்கானிக்குக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாதா? ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை, “அதானே பார்த்தேன். கண்ட கை பட்டா இப்பிடித்தான்” என்று பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பொய் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் அது நிற்கவேண்டுமென்றால் பொட்டு வைத்தவனுக்குத் தண்டனை வேண்டும் இல்லையா? முதலாளி நைனாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “சாவியை வெச்சிட்டு வூட்டுக்குப் போ.”

போகும்போது கிணற்றடியில் ரகசியமாக, “கல்யாணம் முடியட்டும், கூப்புடறேன்” என்று சொன்னாராம். நைனா நம்பினார். புதுக் காக்கிச் சட்டையை வாங்கி வந்து தகரப் பெட்டியில் மடித்து வைத்தார்.

மாப்பிள்ளை அழைப்பன்று ரோட்டோரம் கூட்டம். நானும் நைனாவும் பனை மரத்தடியில் நின்றோம். காஞ்சிபுரத்து டிரைவர் ஒருத்தன் ஓட்டிவந்தான். முன்சீட்டில் மெக்கானிக், புது வேட்டி, வெற்றிலைச் சிவப்பு. வளைவில் வண்டி மெதுவாகிக் கியர் மாறியது. எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். நைனா கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார்.

“சுத்தமா வுழுதுடா” என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போகலாம் போல இருந்தது. முதலில் அவரை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன், இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று. என்னை நினைத்து வெட்கப்பட ரொம்ப வருஷம் ஆனது.

முதலாளி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் சம்பந்தி வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே. நைனா செங்கல் சூளைக்குப் போனார். அந்தக் காக்கிச் சட்டையை அம்மா வருஷத்துக்கு ஒருமுறை துவைத்துக் காயப்போடுவாள், அவர் போட்டதே இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அடுத்த பூஜைக்குப் பெரிய வீட்டம்மா தட்டை எடுக்கவில்லையாம், மகனை விட்டுப் பொட்டு வைக்கச் சொல்லிவிட்டு உள்ளேயே இருந்தாராம். கிணற்றடியில் வேலை செய்தவள் சொன்னாள். எனக்கு இரண்டு கை பொரி போட்ட கை அது. அவர் செய்த தப்பு என்ன? காருக்குத் தலை எது என்று கேட்டார்.

இப்போது அந்த வீடு இல்லை, மில்லும் இல்லை. புளிய மரத்தடியில் கன்டெய்னர் லாரிகள் திரும்புகின்றன. நைனாவும் போய்விட்டார். நான் முதல் ஷெட் போட்டபோது இருந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஏர் எடுக்க மிதித்துத் தரச் சொன்னேன். “வேணாம்ப்பா, நீயே பாத்துக்க” என்று வெளியே போய் நின்றுகொண்டார்.

போன மாதம் நம்ம சங்கக் கட்டடத்தில் மெக்கானிக்கின் படத்தைத் திறந்தோம். இந்த ரோட்டுத் தொழிலுக்கே அவர் மூத்தவர், படம் வைப்பது நியாயம். மாலை போட்டது நானும்தான். அப்போது செயலாளர் மைக்கில் அவருடைய கதை என்று ஒன்று சொன்னார். கல்யாணக் கார் நகரவில்லையாம், புது சிலிண்டர் போட்டும் பலனில்லையாம். நம்ம மெக்கானிக் ‘புஸ்’ஸென்ற சத்தத்தை வைத்தே பிடித்தாராம். “எவனோ ஒரு முட்டாள் டிரைவர் மூடி மேலேயே பொட்டு வெச்சிருக்கான்!” என்றதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கைதட்டினீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் கைதட்டினேன். மைக்கைப் பிடுங்கத் தெரியாதவனா நான்? எந்த மேடையில் எனக்கு வாய் அடைத்திருக்கிறது? அன்று அடைத்தது.

மெக்கானிக் பொய்யனில்லை. அவர் நாலு பேரிடம் சொன்னதை நாற்பது பேர் சொல்லி அப்படி ஆகியிருக்கும். ஆனால் அந்தக் கதை இந்த மலரிலும் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதத் தெரியாதவன் இவ்வளவு எழுதுகிறேன்.

செயலாளர் அவர்களே, கதையைப் போடுங்கள், திருத்திப் போடுங்கள். டிரைவர் பொட்டு வைக்கவில்லை. அவர் சாமானை மாற்றவுமில்லை, கிளட்ச் மேல் கால் வைத்து ஓட்டவுமில்லை. பைப்பைப் பிடித்துக்கொண்டுபோய் சிலிண்டரைக் கண்டுபிடித்தவன் நான். சத்தத்தைக் கேட்டவன் நான். ஊக்கால் குத்தினவன் நான். சீட்டு தப்பினபிறகு பம்பர் மேல் ஏறி நின்று அதைத் தொலைத்தவனும் நான். இதில் எதையும் இன்னொருத்தர் கணக்கில் எழுதக்கூடாது. எல்லாம் என் பேரில் வரவேண்டும்.